வெறும் கிரேட்

காலி கிரேட் ஒன்றின் எடை
ஒரு கிலோ எண்ணூறு கிராம்.
நான் கழிப்பது மூன்று.

மண்டியில் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்:
"ஈரம் இருக்கும், இலை இருக்கும்,
காம்புப் பால் ஒட்டியிருக்கும். மூணுன்னு போடு."
போட்டேன்.
ஆறு மாங்காய் சீசனாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
தராசு பொய் சொன்னதில்லை,
அதன் சிவப்பு எண்கள் யோக்கியமானவை.
கழிக்கிற இடத்தில்
நான் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை
பழையபேட்டை சபையில்
நடு மின்விசிறி மட்டும் சுற்ற
போதகர் அந்தப் பகுதியை எடுத்தார்:
காணிக்கையோடு வருகிறவன்
அதை அப்படியே வைத்துவிட்டு
மனத்தாங்கலோடு இருப்பவனிடம் முதலில் போக வேண்டும் என்பதை.
எனக்குப் புதிதில்லை.
ஓய்வுநாள் பள்ளியில் அதைப் பிழையில்லாமல் ஒப்பித்து
பென்சில் டப்பா வாங்கியிருக்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது
எதிர்வீட்டு சுகுணா ஞாபகம் வரும்.
தண்ணீர்க் குழாய்ச் சண்டை, பேசி நாலு வருடம்.
அவளை நினைத்துக் கொஞ்சம் கண் கலங்கி
கோயிலைவிட்டு இறங்கியதும் மறந்துபோவேன்.
வசதியான பாவம் அது.
நேற்று அவள் வரவில்லை.
சந்தூர் திம்மராயன் வந்தார்.

சனிக்கிழமை, அறுபத்து நாலு கிரேட் பெங்களூரா,
கிலோ பதினெட்டு.
சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனவர்.

பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் பெருக்கினேன்.
எழுபத்தாறே முக்காலுக்குச் சற்று மேல்.
ஆயிரத்து முந்நூற்று எண்பத்திரண்டு ரூபாய்
நாற்பது பைசா.
என் உறையில் தசமபாகம் ஆயிரத்து இருநூறு.

காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வருமுன்
பாத்ரூமுக்குப் போகிறவள்போல எழுந்துவிட்டேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குச் சீட்டு இலவசம்.
மனந்திரும்புதலுக்கு அரசாங்கமும்
இவ்வளவு உதவுகிறதே என்று
சிரிப்பு வந்தது, அடக்கினேன்.
அணைப்பக்கம் வெயில், ஜன்னல் கம்பி சுட்டது.

தோப்பில் கிரேட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.
சொன்னேன். சொல்லி முடிக்கவிடவில்லை.
"எங்கிட்டயும் காலி கிரேட் இருக்குதும்மா,"
என்றார், கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டி.
"எனக்குத் தெரியாதா?"

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"எல்லா மண்டியிலயும் மூணு.
ஒரு மண்டியில மூணரை.
உங்கது பரவாயில்ல."

பணத்தை எண்ணி வாங்கினார்.
நாற்பது பைசாவை நானும் மறந்தேன், அவரும் கேட்கவில்லை.
மன்னித்தேன் என்றோ
நல்லா இரு என்றோ அவர் சொல்லவில்லை.
கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே
"இது நேத்து கணக்கு," என்றார்.
"போன வருசமும் நீதானே எழுதுன?"

அதற்கு என்னிடம் உறை இல்லை.

வரும்போது இரண்டு காய் கொடுத்தார்.
வாங்கலாமா என்று தெரியாமல் வாங்கினேன்.
பால் பிசுபிசுத்து விரலில் ஒட்டியது.
எடை போட்டால்
ஒரு கிராம்கூட வராது.

திங்கள் காலை ஆறு மணி.
காலி கிரேட்டை மேடையில் வைத்தேன்.
1.800.
அப்படியே நோட்டில் எழுதினேன்.
கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்
முதலாளி செல்போனைக் கீழே வைத்தார்.
மூன்று வண்டிகள் வரிசையில் நின்றன.

பைக்குள்
நாற்பத்தேழாம் எண் காணிக்கை உறை
காலியாகக் கிடக்கிறது.
செயலர் வந்து கேட்பார்.
கழுத்து வியர்க்கிறது.
"அடுத்தது," என்றேன்,
குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.